கிரிப்பிள்கேட்டில் நின்றுபோன வண்டிகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டில் மூன்று மாதம் தங்க லண்டன் செல்லவிருப்பது அறிந்து மகிழ்ந்தேன். லங்காஸ்டர், யார்க் என்ற இரு அரச குடும்பங்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்களைப் படிக்கத் தொடங்கியதும் ஹென்றி, எட்வர்ட், ரிச்சர்ட் என்று அதே பெயர்களே திரும்பத் திரும்ப வந்து குழப்புவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. வம்சாவளியை ஒதுக்கிவைத்துவிட்டு, 1461 பிப்ரவரியில் லண்டன் மதிலுக்குள் நடந்ததைப் பார்த்த பிறகே அந்தப் போர் எனக்குப் பிடிபட்டது.

அம்மாதம் 17ஆம் நாள் செயின்ட் ஆல்பன்ஸில் வென்ற லங்காஸ்டர் அரசி மார்கரெட், எதிரிகளின் பிடியிலிருந்த தம் கணவர் ஆறாம் ஹென்றியையும் மீட்டுக்கொண்டார். லண்டன் அங்கிருந்து சுமார் 20 மைல்தான். ஆனால் அவருடைய வடநாட்டுப் படை வழியிலிருந்த ஊர்களைச் சூறையாடியது என்ற செய்தி முன்பே நகருக்குள் பரவிவிட்டது. அரசியிடம் பேச பெட்ஃபோர்டு கோமாட்டி ஜாக்கெட்டா உள்ளிட்ட பெருமாட்டிகளை அனுப்பிய மேயரும் நகரப் பெரியவர்களும், படைக்கு உணவும் பணமும் வண்டிகளில் ஏற்றினார்கள். அந்த வண்டிகளை நகர மதிலின் கிரிப்பிள்கேட் வாசலில் சாதாரண நகர மக்கள் மறித்துவிட்டார்கள். தலைநகருக்குள் நுழைய முடியாமலே மார்கரெட் வடக்கே திரும்பினார். அம்மாத இறுதியில் யார்க் குடும்பத்து 18 வயது எட்வர்ட் நகருக்குள் வந்தார். மார்ச் 4 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் அரியணையில் அமர்ந்தார்.

அச்சம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. ஆறாம் ஹென்றியின் அரசவை 1456 முதல் பெரும்பாலும் கவென்ட்ரியிலேயே இருந்ததால், அரண்மனையை நம்பிய வணிகர்கள் நொடித்தார்கள். கம்பளி வணிகத்தின் உயிர்நாடியான கலே துறைமுகமோ யார்க் பக்கத்து வாரிக் பிரபுவின் கையில் இருந்தது. அரியணையை இழந்து வெளிநாடு சென்றிருந்த எட்வர்ட் 1471இல் திரும்பியபோதும் நகரம் அவரை வரவேற்றது. வணிகர்களிடம் அவர் வாங்கியிருந்த பெருங்கடன் அதற்கு ஒரு காரணம் என்று அக்காலப் பிரெஞ்சு அரசியலாளர் கொமின் எழுதினார். அந்த மே மாதம் லங்காஸ்டர் பக்கம் நின்ற ஃபாகன்பர்க்கின் ஆட்கள் லண்டன் பாலத்து வீடுகளுக்குத் தீவைத்துத் தாக்கியபோது, நகர மக்களே போரிட்டு அவர்களை விரட்டினார்கள். அதற்காக மேயருக்கும் நகரப் பெரியவர்களுக்கும் எட்வர்ட் வீரப்பட்டம் சூட்டினார்.

ஜாக்கெட்டாவை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அவருடைய மருமகன் ஜான் கிரே, மார்கரெட்டுக்காகப் போரிட்டு அதே செயின்ட் ஆல்பன்ஸில் மாண்டவர். அப்படிக் கணவரை இழந்த ஜாக்கெட்டாவின் மகள் எலிசபெத் உட்விலைத்தான் 1464இல் எட்வர்ட் மணந்தார். அவர்களுடைய மகளை 1486இல் ஏழாம் ஹென்றி மணந்தார். அவர்களுக்குப் பிறந்த டியூடர் அரசர் எட்டாம் ஹென்றி, அன்று பேசப் போன அந்த அம்மையாரின் கொள்ளுப்பேரன்.

லண்டன் சென்றதும் பார்பிகன் பகுதியில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தைத் தேடிப் பாருங்கள். கிரிப்பிள்கேட் வாசல் 1760இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பழைய நகர மதிலின் ஒரு பகுதி தேவாலயத்துக்கு அருகில் இன்றும் நிற்கிறது. அங்கே சிறிது நேரம் நின்றுவிட்டு, கண்டதை எனக்கு விரிவாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்