ஒன்பது நாள் கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தேசியக் கால்பந்து அணிப் பயிற்சியாளரைப் பத்திரிகைகளும் ரசிகர்களும் படுத்தும் பாட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் தூக்கத்தை அதிகம் கெடுப்பது நாள்காட்டி என்பேன்.

கிளப்புகள் தங்கள் வீரர்களைத் தேசிய அணிக்கு விட்டுக்கொடுக்கும் காலத்தை ஃபிஃபா விண்டோ என்பார்கள். வழக்கமான ஒன்று ஒன்பது நாள், அதில் இரண்டு ஆட்டம். திங்கட்கிழமை வீரர்கள் வந்து சேர்வார்கள். ஞாயிறன்று கிளப்புக்காக 90 நிமிடம் ஓடியவருக்கு 48 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். அதனால் முதல் இரண்டு நாளும் மசாஜ், லேசான ஓட்டம், கொஞ்சம் வீடியோ என்று கழிந்துவிடும். புதன்கிழமைதான் எல்லோரும் ஒன்றாக மைதானத்தில் நிற்பார்கள். வியாழன் கார்னர், ஃப்ரீ கிக். வெள்ளி ஆட்டம். பிறகு மீண்டும் ஓய்வு, பயணம், செவ்வாய் அடுத்த ஆட்டம். முழுப் பயிற்சி என்று எண்ணினால் இரண்டு தேறும்.

அந்த இரண்டில் எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் பிரெஸ்ஸிங்கில் புதிய முறையைக் கற்றுத்தரப் போனால் கோளாறு நிச்சயம். எதிரணி பந்தைப் பின்னால் தட்டியதுமே பாய் என்று ஒரு கிளப் பழக்கியிருக்கும். பந்து ஓரக்கோட்டுக்குப் போகும்வரை பொறு என்று இன்னொன்று பழக்கியிருக்கும். களைப்பு ஏறியதும் கால்கள் கிளப் பழக்கத்துக்கே திரும்பிவிடும். முன்வரிசை பாயும், பின்வரிசை இறங்கும், நடுக்களம் திறந்து கிடக்கும். கோல் விழுந்ததும் எல்லோரும் டிஃபெண்டரைத்தான் திட்டுவார்கள், பாவம்.

ஆகவே ஏற்கெனவே சேர்ந்து ஆடிப் பழகியவர்களை அப்படியே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 2010 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயின் இறக்கிய பதினொருவரில் பியூயோல், பிகே, புஸ்கெட்ஸ், சாவி, இனியெஸ்டா, பெட்ரோ ஆறு பேரும் ஒரே பார்சிலோனா அணியில் ஆடிவந்தவர்கள். அந்தப் புரிதலை எந்த முகாமிலும் ஒரு வாரத்தில் உண்டாக்க முடியாது.

தோற்ற பிறகும் இதே கணக்குதான். 2022 உலகக்கோப்பையில் நவம்பர் 22 அன்று அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் 1-2 என்று விழுந்தது. மெக்சிகோவுடனான ஆட்டம் 26 அன்று. இடைப்பட்ட நாட்களில் பயிற்சியாளர் ஸ்கலோனி எந்தப் புதுப்பாடத்தை நடத்த முடியும்? ஐந்து பேரை மாற்றினார். நேரம் இல்லாதபோது மாற்றக்கூடியது ஆட்களை மட்டுமே. ஆனால் அதற்கு மாற்று ஆட்கள் முன்பே தயாராக இருக்க வேண்டும். 26 பேர் பட்டியலில் கடைசி ஐந்தாறு பெயர்களை அலட்சியமாக எழுதுகிற பயிற்சியாளர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

கொடுமையான உதாரணம் 2018 ஸ்பெயின். உலகக்கோப்பைக்குப் பின் பயிற்சியாளர் லோபெடேகி ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்த மறுநாள், ஜூன் 13 அன்று, அவரை நீக்கினார்கள். 15 அன்று போர்ச்சுகலுடன் முதல் ஆட்டம். அவர் இடத்துக்கு வந்த இயேரோவுக்குக் கிடைத்தது இரண்டே நாள். அந்த ஆட்டம் 3-3 ஆனது; பிறகு ரஷ்யாவிடம் பெனால்டியில் வெளியேறினார்கள்.

பெனால்டி உதைக்கவென்றே கடைசி நிமிடத்தில் ஆள் இறக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். 2021இல் நடந்த யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியில் கூடுதல் நேரத்தின் கடைசியில் ராஷ்ஃபோர்டையும் சான்சோவையும் இங்கிலாந்துப் பயிற்சியாளர் சவுத்கேட் இறக்கினார், இருவருமே தவறவிட்டார்கள். உதைப்பவர் சில நிமிடமாவது ஓடி, பந்தை நாலு முறை தொட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கோல்கீப்பர் விஷயம் வேறு. 2014 உலகக்கோப்பையில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக நெதர்லாந்துப் பயிற்சியாளர் வான் ஹால் கடைசி நிமிடத்தில் மாற்று கோல்கீப்பர் க்ரூலை இறக்க, அவர் இரண்டைத் தடுத்தார்.

2026 முதல் செப்டம்பர், அக்டோபர் விண்டோக்களைச் சேர்த்து 16 நாளில் நான்கு ஆட்டம் என்று ஃபிஃபா மாற்றியிருக்கிறது. இரண்டாம் வாரம் வீரர்கள் முகாமிலேயே இருப்பார்கள், எனவே இன்னும் இரண்டு முழுப் பயிற்சியாவது மிஞ்சும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ எப்படிக் கணக்கிடுகிறாய், எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்