படிப்பை வீணாக்கியவரா?

ஆசிரியருக்கு,

சிறையில் உளவியலாளராக இருந்து அரசியலுக்குப் போன அமெரிக்கர் டெட் ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய உங்கள் கட்டுரைக்கு, "படித்த படிப்பை வீணாக்கியவர்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் மிளகாய் அரைக்கும் மில் நடத்துகிற எனக்கு அது கொஞ்சம் சுட்டது. நானும் அந்தக் கணக்கில்தான் வருவேன். ஆறு வருடம் உளவளத்துணையாளராக வேலை செய்தேன். புரொஜெக்ட் காசு முடிந்தது, வேலையும் முடிந்தது. காப்பை அடகு வைத்து மெஷின் எடுத்தேன்.

அந்த மனிசன் எதை வீணாக்கினார்? ஒகையோவின் லூகஸ்வில் சிறையில் வேலை செய்தவர். தேர்தலில் 1976, 1978, 1980 என்று மூன்று தரம் தோற்று, 1992இல்தான் வென்று காங்கிரஸுக்குள், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள், போனார். 1994இல் திரும்பத் தோல்வி, 1996இல் திரும்ப வெற்றி. விடாக்கண்டன்தான். மனநோயோடு குற்ற வழக்கில் மாட்டுகிறவர்களுக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்யும் சட்டம் 2004இல் வந்தது. பிரதிநிதிகள் சபையில் அதைக் கொண்டுவந்தவர் அவர். ஒகையோவின் ஆளுநரானது அதற்குப் பிறகு, 2007இல். சிறைக்குள் இருந்து இன்னும் ஆயிரம் பேரின் கதையைக் கேட்டிருந்தாலும் அந்தச் சட்டம் வந்திராது.

எங்கள் பக்கத்தில் கதை கேட்பதற்கே அனுமதி வேண்டியிருந்தது. போர் முடிந்த கையோடு வன்னியில் வீடு கட்டலாம், கிணறு இறைக்கலாம். சனத்தோடு இருந்து பேசுகிற வேலை என்றால் கடிதம் மேசை மேசையாக அலையும். அந்த வேலையை மறித்ததும் அரசியல், பிறகு அனுமதித்ததும் அரசியல். மனநோய் பற்றிய எங்கள் நாட்டுக் கட்டளைச் சட்டம் 1873இல் வெள்ளைக்காரன் போட்டது என்பதையும், அதை மாற்றுவதும் அரசியல்தான் என்பதையும் அந்த வாசகர் ஒருக்கால் யோசிக்கட்டும்.

சரி, ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். "நித்திரை வருதில்லைப் பிள்ளை" என்று வந்தார். நான் படித்தபடி, முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது, கனவில் என்ன வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சீலைத் தலைப்பை முறுக்கியபடி தலையாட்டினார். மூன்றாம் முறைதான் பையிலிருந்து நான்கு கடன் கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார். நான்கும் நான்கு நுண்கடன் கம்பனிகள். ஒன்றை அடைக்க மற்றதில் எடுத்தது. செவ்வாய்க்கிழமை லோன்காரர் வருவார். காசு இல்லையென்றால், குழுவில் பிணை நின்ற மற்றப் பெண்கள் பொழுதுபட்டாலும் முற்றத்தை விட்டு எழும்பமாட்டார்கள். அவருக்கு நித்திரை போவது திங்கள் இரவில். எனக்குப் படிப்பித்த எதிலும் திங்கள் இரவு இருக்கவில்லை.

2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. குறைகள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தி வந்த இரவு நித்திரை கொண்டவர்களின் தொகை, நான் ஆறு வருடத்தில் நித்திரை கொள்ள வைத்தவர்களைவிட நிச்சயம் கூட.

கவுன்சிலிங் என்று போர்டு போட்ட அறைக்கு வரத் தயங்கினவர்கள் இப்போது மில்லுக்கு வருகிறார்கள். 'விசர் டொக்டரிட்டப் போறாள்' என்று ஊர் கதைக்காது, கையில் மிளகாய்ப் பை இருக்கிறதே. அரைத்து முடியும்வரை வாங்கில் இருந்து கதைப்பார்கள். மெஷின் சத்தத்தில் பக்கத்து வாங்குக்குக்கூடக் கேட்காது. அதுவும் ஒரு வசதி.

போன பிரதேச சபைத் தேர்தலுக்குப் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டை நிரப்ப ஆள் தேடி ஒரு கட்சிக்காரர் மில்லுக்கே வந்தார். பெயர் மட்டும் தந்தால் போதுமாம், மிச்சத்தைத் தாங்கள் பார்ப்பார்களாம். "இந்த வீதிக்கு லோன்காரர் என்ன கிழமை வாறவர், தம்பி?" என்று கேட்டேன். தும்மிக்கொண்டே வெளியே போய்விட்டார். மிளகாய்த் தூள்தான் காரணமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விசுவமடு.