கான்ஸ்டான்ஷியாவில் கோப்பையை எடுக்கும் முன்

கேப் டவுன் சுற்றுலாவுக்குக் கிளம்பும் தமிழ்க் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் பயணத் திட்டத்தில் 'குரூட் கான்ஸ்டான்ஷியா, ஒயின் சுவைத்தல்' என்று ஒரு வரி இருக்கும். அது ஒரு பழைய ஒயின் பண்ணை. ஒயினைக் குறை சொல்ல வரவில்லை. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியன் குடித்ததே கான்ஸ்டான்ஷியா ஒயின்தான். குடிக்கும் முன் அரைமணி நேரம் அந்தப் பண்ணை வீட்டைச் சுற்றி வாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

1685-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கேப்பில் தன் தலைமை அதிகாரியாக இருந்த சைமன் வான் டர் ஸ்டெல்லுக்குக் கொடுத்த நிலம் அது. வீட்டின் இன்றைய தோற்றம் 1778-ல் பண்ணையை வாங்கிய ஹென்ட்ரிக் குளூட்டே காலத்தது. வாசலுக்கு நேர் மேலே கூரையைத் தாண்டி வளைந்து எழும் வெள்ளைச் சுவர் வெறும் அழகுக்கு இல்லை. நாணல் கூரை தீப்பிடித்தால் கொள்ளி வாசலில் சரியாமல் அது தடுக்கும். உள்ளே இருப்பவர்கள் ஓடி வந்துவிடலாம். ஆனால் வீடு தப்பாது. 1925 டிசம்பரில் எரிந்தே போனது. பிறகு கட்டடக் கலைஞர் கெண்டால் பழையபடி எடுத்துக் கட்டினார். பின்னால் இருக்கும் 1791-ஆம் ஆண்டு ஒயின் கிடங்கையும் விட்டுவிடாதீர்கள். அதன் நெற்றியில் அன்டன் அன்ரைத் வடித்த சுதைச் சிற்பம் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கேப் வீடுகளுக்குக் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்புதான், நம் ஊரைப் போலவே. சுட்டதும் குழைத்ததும் பூசியதும் யார்? பண்ணை வேலையெல்லாம் அடிமைகள் தலையில்தான். மடகாஸ்கர், ஜாவா, வங்காளம், மலபாரிலிருந்து கப்பலேற்றினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்தும்தான்; பழவேற்காடும் நாகப்பட்டினமும் அன்று டச்சுக்காரர் கையில். பெற்றவர் வைத்த பெயர் போய், 'வான் கோரமண்டல்', 'வான் டெ குஸ்ட்' என்று ஏட்டில் ஏறினார்கள். கோரமண்டல் என்பது சோழமண்டலம்தான்; குஸ்ட் என்றால் கரை.

இதில் ஒரு வேடிக்கை. வான் டர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டியே விடுதலை பெற்ற ஓர் இந்திய அடிமைப் பெண். மோனிக்கா என்பது ஏட்டுப் பெயர். பேரன் அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தினான்.

1834 டிசம்பர் 1-ல் விடுதலை வந்தது. அதற்குப் பிறகும் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் நான்கு ஆண்டுகள் பழைய எசமானரிடமே உழைக்க வேண்டியிருந்தது.

வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: இங்கே வேலை செய்த அடிமைகளின் பெயர்களை எங்கே பார்க்கலாம்? அதில் 'கோரமண்டல்' கண்ணில் பட்டால், படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
கடற்கரை ஊர்க்காரன் ஒருவன்