ஆறாம் பதிப்பிலேயே இருங்கள் என்று எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கணினிப் பக்கத்தில் மைக்ரோசாஃப்டின் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் எட்டாம் பதிப்பைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புதிய பதிப்பில் பல தளங்கள் உடைந்து தெரிகின்றன, அதனால் வாசகர்கள் இப்போதைக்கு ஆறாம் பதிப்பிலேயே இருப்பது நல்லது என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. மூன்று முறை படித்தேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன். கோபம் போகவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் ஒன்பது வருடமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். எட்டு மெஷின். கூட்டம் இல்லாத நேரத்தில் உள்ளூர்க் கடைகளுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். 2009 மார்ச் 19ஆம் தேதி எட்டாம் பதிப்பு வெளியானது. அந்த வாரமே ஒரு மெஷினில் ஏற்றினேன்.

முதலில் திறந்தது ஆசிட்2 பக்கம். வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் என்ற குழு 2005இல் வெளியிட்ட சோதனை. பிரவுசர் விதிப்படி வரைந்தால் ஒரு மஞ்சள் முகம் சிரிக்கும். மவுசை மூக்கின் மேல் கொண்டுபோனால் மூக்கு நீலமாகும். ஆறாம் பதிப்பில் அதே பக்கம் சிவப்புச் சிதறலாகத்தான் வரும். எட்டில் முகம் முழுசாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று எழுதினால் உங்களுக்கு அதிகமாகப் படலாம், ஆனால் அதுதான் நடந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை எழுதி, ஐஇக்கு (இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு) என்று தனியாக ஒரு ஸ்டைல்ஷீட், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு வைத்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு மெனு ஏன் மூன்று பிக்சல் நகர்கிறது என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முகத்தின் அருமை தெரியும். அப்புறம் அதற்கு அடுத்த சோதனையான ஆசிட்3 ஓட்டினேன். நூற்றுக்கு இருபது. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியின் நான்காம் பதிப்பு சோதனை வெளியீட்டிலேயே நூறு வாங்கிவிட்டது. எட்டாம் பதிப்பு எல்லாவற்றிலும் தேறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

அடுத்து உங்கள் இதழின் தளத்தைத் திறந்தேன். அது உடைந்திருந்தது. மேலே வரிசையாக நிற்க வேண்டிய மெனுவின் பின்னணி நிறம் காணாமல் போய், தலையங்கத்தின் முதல் வரி மெனுவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் கிழிந்த காகிதம் போல ஒரு பட்டன் இருக்கிறது. பழைய பக்கங்களை ஏழாம் பதிப்பைப் போலக் காட்டும் பட்டன் அது. அழுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் மெனுவில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஃபுளோட் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது ஒரு ஓரமாக ஒதுங்கி வரிசையில் நிற்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. ஃபுளோட் ஆன பெட்டிகளின் உயரம் அவற்றைச் சுற்றியிருக்கும் வெளிப்பெட்டியின் கணக்கில் சேராது என்பது, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் விதி. பழைய ஐஇ, அகலம் கொடுத்த பெட்டியாக இருந்தால் விதியைப் பார்க்காமல் தானாகவே இழுத்து மூடிவிடும். உங்கள் தளத்தைச் செய்தவர் அதையே விதி என்று நம்பிவிட்டார். பயர்பாக்ஸ் என்ற வேறு பிரவுசரில் திறந்து பார்த்தேன், அங்கேயும் இதே உடைப்பு. அப்படியானால் பயர்பாக்ஸ் வைத்திருக்கும் உங்கள் வாசகர்கள் இத்தனை வருடமாக உங்கள் தலையங்கத்தை இப்படித்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வரி எழுத உங்கள் பக்கத்தில் இடம் இல்லை. புதிய பதிப்பில் உடைந்தது என்றதும் முழுக் கட்டுரை வந்துவிட்டது.

ஒரு கடைக்காரர் பல வருடமாக முத்திரை இல்லாத படியால் அளந்து கொடுத்தார். ஊரில் எல்லோரும் வீட்டுப் பாத்திரத்தை அந்த அளவுக்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அவர் முத்திரைப் படிக்கு மாறினால், பாத்திரத்தில் அரிசி சரியாக அடங்கவில்லை என்று படியையா குறை சொல்வது?

மைக்ரோசாஃப்டே முதலில் இதற்குப் பயந்தது. பக்கத்தைச் செய்தவர் தனியாக ஒரு மெட்டா வரி (திரையில் தெரியாமல் பிரவுசருக்கு மட்டும் சொல்லும் வரி) போட்டுக் கேட்டால் ஒழிய, எட்டாம் பதிப்பும் ஏழைப் போலவே காட்டும் என்றுதான் 2008 ஜனவரியில் அறிவித்தார்கள். வெப் தொழிலில் இருப்பவர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. அதே வருடம் மார்ச் மாதம் முடிவை மாற்றிக்கொண்டார்கள்: விதிப்படிக் காட்டுவதுதான் இயல்பு, பழைய மாதிரி வேண்டும் என்பவர் கேட்டு வாங்க வேண்டும். 2001இல் ஆறாம் பதிப்பை வெளியிட்டுவிட்டு ஐந்து வருடம் அடுத்த பதிப்பையே தராமல் இருந்தவர்கள் எடுத்த முடிவு இது. அந்த நல்ல முடிவைத்தான் உங்கள் கட்டுரை குறையாகச் சொல்லியிருக்கிறது.

இது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். 2004இல் என் அம்மா மகாமகக் குளத்தைப் பற்றி எழுதியதை நீங்கள் பிரசுரித்தீர்கள், தளத்திலும் போட்டீர்கள். அப்போது உங்கள் தளம் டைனமிக் ஃபான்ட்டில், அதாவது பக்கத்தோடு சேர்ந்து தளத்திலிருந்தே இறங்கும் எழுத்துருவில் இருந்தது. ஐஇயில் மட்டும் தமிழ் தெரியும். வேறு பிரவுசரில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. பக்கத்தை ஃபிளாப்பியில் சேமித்து வைத்தேன். அந்த ஃபான்ட் உங்கள் தளத்தின் முகவரியோடு பூட்டப்பட்டது என்பதால் என் மெஷினிலிருந்து திறந்தால் ஒரு எழுத்தும் படிக்க முடியாது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாறியபோது பழைய இதழ்களைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். தமிழ் யூனிகோடில் 1991லேயே சேர்ந்துவிட்டது. விண்டோஸ் 2000இலேயே லதா என்ற தமிழ் யூனிகோடு ஃபான்ட் வந்துவிட்டது. 2004இல் யூனிகோடில் போட்டிருந்தால் அம்மா எழுதியது இன்றைக்கும் தேடினால் கிடைத்திருக்கும். அந்த ஃபிளாப்பியை இன்னும் வைத்திருக்கிறேன். அம்மா இல்லை.

யூனிகோடுக்கு வந்த பிறகும் கட்டுரைகளை இரண்டு ஓரமும் சமமாக வரும்படி ஜஸ்டிஃபை செய்தீர்கள். பயர்பாக்ஸ் இரண்டில் ஜஸ்டிஃபை செய்த தமிழ் சிதறிப்போகும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். அது பிரவுசரின் குறைதான், அதை மறைக்கவில்லை. 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் மூன்றில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதுவரை உங்கள் பக்கத்தில் ஜஸ்டிஃபை என்ற ஒரு சொல்லை எடுத்திருந்தால் போதும். இரண்டு கடிதம் எழுதினேன். எக்ஸ்புளோரரில் பாருங்கள் என்று ஒரு வரி பதில் வந்தது.

எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு துறையின் வேலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நாச்சியார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து வந்தாள். பயர்பாக்ஸ் இருந்த மெஷின்தான் காலியாக இருந்தது. முக்கால் மணி நேரம் எல்லாம் நிரப்பி சப்மிட் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பட்டனுக்குப் பின்னால் இருந்த ஸ்கிரிப்ட் ஒரே பிரவுசருக்காக எழுதப்பட்டது. வேறு மெஷினில் உட்காரவைத்து முதலிலிருந்து நிரப்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. விண்ணப்பக் கட்டணத்துக்கு வங்கியில் டிடி எடுத்த பணமும் போச்சு. நான் அவளிடம் காசு வாங்கவில்லை. அந்தத் துறையின் தளத்தைச் செய்தவர் ஆறாம் பதிப்பில் மட்டும் பார்த்துவிட்டு சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பார். வாசகர்களை அதிலேயே இருக்கச் சொன்னால் அவரும் அதிலேயேதான் இருப்பார்.

என் கடையில் இரண்டு மெஷினில் விண்டோஸ் 2000. அதில் எட்டாம் பதிப்பு ஏறாது. பயர்பாக்ஸ் மூன்று ஏறும், ஏற்றிவிட்டேன். மற்ற ஆறிலும் எட்டு ஓடுகிறது. உடைந்த தளம் வந்தால் கிழிந்த காகிதப் பட்டனை அழுத்தச் சொல்லிக் கொடுக்கிறேன். பத்து வயதுப் பையன்கள்கூட ஒரே தடவையில் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பட்டனைப் பற்றி எழுதியிருந்தாலே உங்கள் வாசகர்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

நான் கேட்பது இரண்டு. உங்கள் தளத்தின் மெனுப் பெட்டிக்கு ஓவர்ஃபுளோ ஹிடன் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பிரவுசரிலும் மெனு நேராக நிற்கும். என் மெஷினில் சேமித்த பிரதியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டாவது, பக்கத்தின் அடியில் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 800க்கு 600 திரையில் பார்க்க உகந்தது' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். திருத்தம் வெளியிடுவதும் வெளியிடாததும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
உங்கள் இதழை இருபது வருடமாக வாங்கும் வாசகி,
கும்பகோணம்