காளான் மாத்திரை வாங்கறவங்க டப்பாவோட பின்பக்கத்தைப் படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெங்களூரு அல்சூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா இருக்கேன், கடைக்கு வர்றதுல பாதிப் பேர் நம்ம தமிழ்க்காரங்கதான். இப்பல்லாம் ரெய்ஷி, லயன்ஸ் மேன், கார்டிசெப்ஸ்னு காளான் பேரைச் சொல்லி, இதைப் பொடியா வாங்கறதா கேப்சூலா வாங்கறதா இல்ல காளான் காபியே போதுமான்னு கேக்கறாங்க. பாவம், ரெண்டாயிரம் மூவாயிரம் குடுத்து வாங்கற பொருள், ஆனா டப்பாவோட முன்பக்கத்தை மட்டும்தான் பாக்கறாங்க.

கேப்சூல்ங்கறது வெறும் கூடுதான், உள்ள இருக்கறது சும்மா காயவச்சு அரைச்ச பொடியா, இல்ல சுடுதண்ணில கொதிக்கவச்சு எடுத்த எக்ஸ்ட்ராக்டாங்கறதுதான் விஷயமே. காளானோட செல் சுவர்ல கைட்டின் இருக்கு, நண்டு இறால் ஓட்டுல இருக்கே அதேதான், நம்ம வயித்துக்கு அது லேசுல செரிக்காது, நமக்கு வேணும்னு சொல்ற பீட்டா குளூக்கான்ங்கற நார்ச்சத்தும் அந்தச் சுவரோட பின்னிக்கிட்டுதான் இருக்கு. அதனாலதான் சீனாவுல ரெய்ஷியை அந்தக் காலத்துலேருந்தே கஷாயமா காய்ச்சிக் குடிச்சாங்க. ரெய்ஷிக்குக் கசப்பு குடுக்கற ட்ரைடெர்பீன் மட்டும் தண்ணில சரியா இறங்காது, அதுக்கு ஆல்கஹால் வேணும், ரெண்டுலயும் எடுத்ததைத்தான் டூயல் எக்ஸ்ட்ராக்ட்னு போட்டு விக்கறாங்க. கொஞ்சம்கூட கசக்காத ரெய்ஷியை நான் நம்ப மாட்டேன்.

அதுக்காக பொடியே வேஸ்ட்னு சொல்லல. 2009-ல ஜப்பான்ல 50 முதல் 80 வயசுக்காரங்க, லேசா ஞாபக மறதி இருக்கற 30 பேரை வச்சு லயன்ஸ் மேன் ஆய்வு பண்ணாங்க, அதுல குடுத்தது சாதாரண காளான் பொடி மாத்திரைதான், ஒரு நாளைக்கு 3 கிராம் அளவு, 16 வாரம். மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு டெஸ்ட்ல மார்க் ஏறுச்சு, நிறுத்தின நாலு வாரத்துல மறுபடி இறங்கிடுச்சு. 3 கிராம்னா 500 மில்லிகிராம் கேப்சூல் தினம் ஆறு போடணும். நம்ம ஆளுங்க காலைல ஒண்ணு போட்டுட்டு ஒண்ணும் தெரியலியேங்கறாங்க. காபி பாக்கெட்ல எத்தனை மில்லிகிராம் காளான்னு பல பேர் போடறதே இல்ல, அதுல சர்க்கரையும் க்ரீமரும் வேற.

அடுத்தது மைசீலியம். காளான் முளைக்கறதுக்கு முன்னாடி இருக்கற வேர் மாதிரியான இழை அது. இதை அரிசி, ஓட்ஸ் மேல வளத்து தானியத்தோடயே சேர்த்து அரைச்சா, பொடில பெரும்பங்கு மாவுச்சத்துதான் இருக்கும். லேபிள்ல பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியா கோத்த பொருள், இத்தனை சதவீதம்னு பெருமையா போடுவாங்க, பீட்டா குளூக்கான் மாதிரியே மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதானே, அந்தக் கணக்குல அதுவும் சேந்துடும், அதனால பீட்டா குளூக்கான் எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கான்னு பாருங்க. 10:1ன்னு, அதாவது பத்து கிலோ காளான்லேருந்து ஒரு கிலோ எக்ஸ்ட்ராக்ட் எடுத்ததுன்னு, போட்டிருந்தாலும் உள்ள சத்து எவ்வளவுன்னு அதுல தெரியாது. மைசீலியமே மோசம்னும் இல்ல, ஜப்பான்ல 1977-லேருந்து கேன்சர் சிகிச்சையோட சேர்த்துக் குடுத்த பிஎஸ்கே மருந்தை டர்க்கி டெயில் காளானோட மைசீலியத்துலேருந்துதான் எடுத்தாங்க, ஆனா அது பிரிச்சு சுத்தம் பண்ணின மருந்து, தானியத்தோட அரைச்ச மாவு இல்ல. அமெரிக்காவுல வித்த 19 ரெய்ஷி சப்ளிமெண்டை சோதிச்சு 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு, லேபிள்ல சொன்னதோட ஒத்துப்போனது வெறும் 5. கார்டிசெப்ஸ் டப்பால இமயமலை படம் போட்டிருந்தாலும் உள்ள பெரும்பாலும் லேப்ல வளத்த மிலிட்டாரிஸ் வகைதான், உத்தராகண்ட் பித்தோராகட் பக்கம் மலைல கிடைக்கற கீடா ஜடிங்கற காட்டு கார்டிசெப்ஸ் கிலோ லட்சக்கணக்குல போகுது, அதை யாரு கேப்சூல்ல அடைச்சு இந்த விலைக்குக் குடுப்பாங்க?

நம்ம ஊர்ல இதெல்லாம் ஃபுட் சப்ளிமெண்ட்தான், மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்கணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு லேபிள்லயும் இருக்கணும். பொடி எழுத்துல அதைப் போட்டுட்டு, விக்கறவங்க வாயால சுகர், பிபி, கட்டி எல்லாம் போயிடும்னு சொல்றதைக் கேட்டா எனக்கு ஆத்திரமா வருது. தெரிஞ்ச ஒரு அம்மா, நெட்வொர்க் மார்க்கெட்டிங்ல ஒருத்தங்க பேச்சை நம்பி சுகர் மாத்திரையையே நிறுத்திட்டாங்க.

வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க ரெய்ஷி எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், ஆபரேஷன் தேதி குறிச்சவங்களும் சொல்லணும், கிட்னி மாத்தி வச்சவங்க தானா எந்தக் காளான் மாத்திரையும் ஆரம்பிக்கவே கூடாது. சாகாங்கற காளான்ல ஆக்சலேட் ஜாஸ்தி, கிட்னில கல் வந்தவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

உங்க பேப்பர்ல இந்த மாதிரி விளம்பரம் எடுக்கறப்போ, எந்தப் பாகத்துலேருந்து எடுத்தது (காளானா, மைசீலியமா), பீட்டா குளூக்கான் எத்தனை சதவீதம், ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம், இந்த மூணையும் போடச் சொல்லிக் கேளுங்க சார். போட மாட்டேன்னா அந்த விளம்பரத்தை எடுக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு பார்மசிஸ்ட்,
அல்சூர், பெங்களூரு