கணக்கு வராதவர்களுக்கா மொழியியல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உயர்கல்வி வழிகாட்டியில் மொழியியலுக்கு நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். ஓட்டல் மேலாண்மைக்கு அரைப் பக்கம், அது போகட்டும். நாலில் ஒரு வரி: "கணக்கு வராதவர்களுக்கு ஏற்ற படிப்பு."

இதே நம்பிக்கையில்தான் நானும் 1993-ல் எம்.ஏ. மொழியியல் சேர்ந்தேன். ப்ளஸ் டூ கணக்கில் 200-க்கு 74. இரண்டாம் செமஸ்டரில் பேராசிரியர் பலகையில் 'எல்லாரும் வரவில்லை' என்று எழுதி, "எத்தனை பேர் வந்தார்கள்?" என்றார். பாதி வகுப்பு 'ஒருவரும் இல்லை' என்றது. மீதி 'சிலர் வந்தார்கள்' என்றது. இரண்டும் சரி என்று சொல்லிவிட்டு, 'எல்லாம்' என்பதற்கான தர்க்கக் குறியாக ஆங்கில ஏ-யைத் தலைகீழாகப் போட்டு, எதிர்மறைக் குறியை ஒருமுறை அதற்கு முன்னாலும் ஒருமுறை பின்னாலும் வைத்துக் காட்டினார். எனக்கு வியர்த்தது. அப்புறம் சிரித்துக்கொண்டே, "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்" என்ற நன்னூல் நூற்பாவையும் பக்கத்தில் எழுதினார். முழுமையைச் சொல்லும் 'உம்' சில இடங்களில் மிச்சம் இருப்பதையும் சொல்லும் என்பது அதன் பொருள். பவணந்தியார் கண்ட அதே சிக்கல்தான்.

'ராமனும் சீதையும்' என்று சேர்க்கிற 'உம்'தான் 'எல்லாரும்' என்பதிலும் இருக்கிறது. 'ராமனோ சீதையோ' என்கிற 'ஓ'தான் 'யாரோ'விலும். தர்க்கவியலில் 'அனைத்தும்' என்பது நீண்ட 'மற்றும்', 'ஏதோ ஒன்று' என்பது நீண்ட 'அல்லது'. இயல்பான மொழியையும் தர்க்கக் குறியீட்டைப் போலவே கையாளலாம் என்று தர்க்கவியலாளர் ரிச்சர்ட் மாண்டேகு 1970-ல் எழுதியதிலிருந்து, சொற்பொருளை ஆராயும் பொருண்மையியலில் இந்தக் கணக்கைத் தவிர்க்க முடிவதில்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் "மொழியியலா, எத்தனை பாஷை தெரியும்?" என்று கேட்பார்கள். பழகிவிட்டது. பத்திரிகையும் கேட்டால் எப்படி? மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பொருள் பற்றி நான் எழுதிய கடிதத்தில் 'மெய் அட்டவணை' (கூற்றுகள் எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் தர்க்க அட்டவணை) என்றிருந்ததை, உங்கள் பிழைதிருத்துநர் பெரிய மனதோடு 'மெய்யெழுத்து அட்டவணை' என்று மாற்றினார். நான் என்னவோ க், ங், ச் பற்றி எழுதியதாக நினைத்துத் தமிழாசிரியர் ஒருவர் பாராட்டிக் கடிதம் போட்டார். திருத்தம் கேட்டு அனுப்பிய அஞ்சலட்டைக்கு இன்றுவரை பதில் இல்லை.

சேர்க்கை முடிவதற்குள் அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போடுங்கள். அதையாவது பிழைதிருத்துநர் கையில் கொடுக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழியியல் ஆசிரியர்,
சிதம்பரம்