எடையப் பாத்து ரெக்கார்டு வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, எல்பி ரெக்கார்டு, அதான் ஊசி வச்சுப் பாட்டுக் கேக்குற பெரிய பிளாஸ்டிக் தட்டு, அத வாங்குறவங்க திரும்பக் கூடிட்டாங்கன்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. சந்தோசமாத்தான் படிச்சுட்டு வந்தேன், நடுவுல 180 கிராம் தட்டுன்னா பாட்டு பதிஞ்சிருக்க பள்ளம் ஆழமா இருக்கும், அதனால பேஸ், அதாவது தாழ்ந்த அடிச்சத்தம், நல்லா எறங்கி வரும்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அங்கதான் டீ கிளாஸ கீழ வச்சேன். அது தப்புங்க, அத நம்பி துட்டக் கொடுத்து ஏமாந்தவன் நான், அதான் எழுதுதேன்.

எங்கப்பா செங்கோட்டையில சவுண்ட் சர்வீஸ் வச்சிருந்தாங்க. கல்யாணம், சடங்கு, கோயில் கொடைன்னு மலையேறி ஆரியங்காவு, கழுதுருட்டி எஸ்டேட்டு வரைக்கும் குழாய் ஸ்பீக்கரு ஆம்ப்ளிபயரு ரெக்கார்டு பொட்டி எல்லாம் ஜீப்புல போகும், ஊசி டப்பா மட்டும் என் மடியில. இப்ப நான் பாக்குறது புளியரையில ரப்பர் ஷீட் வாங்கி விக்குற வேல, ஆனா அந்தப் பொட்டி இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு.

மொதல்ல அந்தப் பள்ளக் கணக்கு. எல்பில ஊசி ஓடுற பள்ளம் சாதாரணமா ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு கூட ஆழம் வராது. தட்டோட தடிமனோ ஒன்றர மில்லிமீட்டர், 180 கிராம்னா ரெண்டு மில்லிமீட்டர் கிட்ட. அப்ப கூடுன அர மில்லிமீட்டர் எங்க போகுதுன்னா, ஊசி எட்டிக்கூடப் பாக்காத நடுப்பகுதிக்குத்தான். பள்ளத்தோட ஆழம் அகலம் எல்லாம் மாஸ்டர்ங்குற மூலத்தட்டுல வெட்டுறப்பவே முடிவாயிருது, அதுலருந்து எடுத்த ஸ்டாம்பர, அதாவது உலோக அச்ச, வச்சு 120 கிராம்ல அடிச்சாலும் 200 கிராம்ல அடிச்சாலும் பள்ளம் ஒண்ணுதான்.

கனத்தால பிரயோசனமே இல்லன்னு சொல்லல. கனமான தட்டு அவ்வளவு சீக்கிரம் வளையாது, பிளேயர்ல சப்புன்னு உக்காரும், கையில பிடிக்க ஒரு கெத்து இருக்கும், அது போக தட்டு ஒசந்தா ஊசி நிக்கிற சாய்வும் ஒரு நூலு மாறும், அத கேட்டுக் கண்டுபிடிக்கிற காது எனக்கு இல்ல.

சத்தத்துக்குப் பெருசு தட்டு எதுல செஞ்சதுங்குறது. எல்பிக்கு முந்தி இருந்த 78 தட்டு, அதாவது நிமிசத்துக்கு 78 சுத்து சுத்துறது, அரக்குல செஞ்சது, நம்ம நாட்டு மரத்துல பூச்சி வைக்குற அதே அரக்குதான், அதுல கல்லுப்பொடியும் கரியும் கலந்து அடிப்பாங்க. கல்லுப்பொடி கலக்குறது எதுக்குன்னா அந்தக் காலத்து இரும்பு ஊசியோட அழுத்தத்துக்குப் பள்ளம் தாங்கணும், ஊசி தேஞ்சு பள்ளத்துக்குத் தக்கன உக்காரணும். அதனாலதான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசின்னு மாத்துவோம், அதனாலதான் பின்னால சர்ருன்னு ஒரு இரைச்சல் கேட்டுக்கிட்டே இருக்கும். 1948ல வினைல்ல எல்பி வந்துச்சு, அது வழவழன்னு ஒரு பிளாஸ்டிக், இரைச்சல் பாதிக்கு மேல அடங்கிப்போச்சு. பாருங்க, கையில எடுத்தா 78 தட்டுதான் கனம், சத்தத்துல ஜெயிச்சது லேசான தட்டு.

இதுல எனக்கு ஒரு சூடு இருக்கு. எட்டாப்பு படிக்கையில சாரல் மாசத்துல ரெக்கார்டெல்லாம் வெள்ளையா பூஞ்சக்காளான் பிடிச்சிருச்சு. அன்னைக்குப் பாத்து வீட்டுக் கதவுக்கு ஆசாரி பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தாரு, அவரு ஸ்பிரிட்டு நனச்சு வச்சிருந்த துணிய எடுத்து ஒரு 78 தட்ட நல்லா அழுத்தித் தொடச்சேன், துணி கருப்பாச்சு, அழுக்கு போகுதுன்னு நெனச்சு இன்னும் அழுத்தினேன். தட்டு காஞ்சதும் பளபளப்பு போயி அடுப்புக்கரி மாதிரி ஆயிருச்சு, போட்டுப் பாத்தா பாட்டே இல்ல, பொரி வறுக்குற சத்தம்தான். ஆசாரி வந்து பாத்துட்டு, "ஏல, நான் கதவுக்குப் பூசுறதும் அரக்குதாம்ல, அது ஸ்பிரிட்டுல கரையும்னு தெரியாதா"ன்னாரு. அப்பா ரெண்டு நாளு எங்கூடப் பேசல. பழைய தட்டு வச்சிருக்கவங்க யாராவது இதப் படிச்சா, 78க்கு ஸ்பிரிட்டு கிட்டவே கொண்டு போகாதீங்க.

இப்ப ஏமாந்த கதைக்கு வாரேன். போன வருசம் திருவனந்தபுரத்துல ஒரு கடையில 180 கிராம்னு தங்கக்கலர் ஸ்டிக்கர் ஒட்டுன தட்டு ஒண்ணு, மூவாயிரத்து இருநூறு ரூவா. மொத ரெண்டு பாட்டு ஜோரு. மூணாவதுல வலது ஸ்பீக்கர்ல மட்டும் துணி கிழிக்குற மாதிரி சத்தம், ஊசியத் தொடச்சும் போகல. டியூப்லைட்டுக்குக் கீழ சாச்சுப் பிடிச்சா அந்த எடத்துல மட்டும் பொடிப்பொடியா மங்கலா தெரியுது. பிளாஸ்டிக்கு பள்ளத்துக்குள்ள முழுசா பாயாம விட்டுருக்கு. சூடான வினைல் உருண்டைய ரெண்டு ஸ்டாம்பருக்கு நடுவுல வச்சு நீராவியில சூடாக்கி அமுக்கி, அப்புறம் தண்ணி விட்டு ஆத்தி எடுக்கணும், தட்டு தடிமன் கூடக்கூட ஆறுறதுக்கு நேரமும் கூடப் பிடிக்கும், அவசரப்பட்டு எடுத்தா இப்படித்தான், இல்லன்னா வளையும். பக்கத்து நல்லமிளகு கடைத் தராசுல அதையும் அப்பா வாங்குன பழைய எல்பி ஒண்ணையும் போட்டேன். புதுசு 183 கிராம், பழசு 122. அந்த 122 இன்னைக்கும் சுத்தமா பாடுது பாத்துக்கிடுங்க. கடைக்காரர்ட்ட கேட்டா, "சேட்டா, இது ஹெவி வெயிட்டு, கம்ப்ளெயிண்ட் வராது"ங்குறாரு!

எங்க தொழில்ல தடிமன வச்சு யாரும் கிரேடு போட மாட்டோம். ஷீட்ட வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்போம், தூசி இருக்கா, குமிழ் இருக்கா, பூசணம் இருக்கான்னு பாப்போம். தடியா அடிச்ச ஷீட்டு புகையில சரியா காயாம நடுவுல வெள்ள வெள்ளையா நிக்கும், அதுக்கு வெலையும் கொறையும். வினைலும் அதேதான், பழைய தட்ட பேப்பர் லேபிளோட அரைச்சுக் கலந்த சரக்குன்னா எத்தன கிராம் போட்டாலும் பட்பட்டுன்னு தெறிக்கும். படம் போட்ட தட்டு இன்னும் மோசம், படத்துக்கு மேல மெல்லிசா ஒரு பிலிம ஒட்டி அதுலதான் பள்ளம் எடுப்பாங்க, சொவத்துல மாட்ட நல்லாருக்கும்.

இன்னொண்ணு, எந்த எடையும் திருத்த முடியாத குறை ஒண்ணு எல்பிலயே இருக்கு. வெளிச்சுத்துல ஊசிக்கடியில செகண்டுக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், உள்ள கடைசிச் சுத்துக்கு வாரப்ப 21 தான், அதே சத்தம் பாதிக்கும் கொறஞ்ச நீளத்துல நெருக்கி அடங்கணும். அதனாலதான் பக்கத்தோட கடைசிப் பாட்டுல "ஸ" வந்தா கரகரங்குது. ஒரு பக்கத்துல பாட்ட அள்ளித் திணிக்காம வெட்டுனாங்கன்னா கொஞ்சம் தப்பிக்கலாம்.

அடுத்த தடவ இதப் பத்திப் போடுறதா இருந்தா ஊசிக்கும் ஒரு பாரா ஒதுக்கச் சொல்லுங்க. எங்க ஊருல 180 கிராம் தட்டு வாங்கி வச்சிருக்க பசங்க மூணு பேருக்கும் ஊசி மாத்தணும்ங்குறதே நான் சொல்லித்தான் தெரியும்.

இப்படிக்கு,
சவுண்ட் சர்வீஸ்காரர் மகன்,
புளியரை, தென்காசி மாவட்டம்.